கொழும்பிலிருந்து செந்தோசா கற்பனையுலகப் பூங்காவுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் விடுமுறைகள் நெருங்கும்போது வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை வீடுகளில் பிள்ளைகள் கேட்கத் தொடங்கும் கேள்விகளும், பெற்றோர் டிக்கெட் எடுக்கும்வரை கேட்காமல் விட்டுவிடும் கேள்விகளும் இங்கே சேர்ந்திருக்கின்றன. விடைகள் பெரும்பாலும் சிங்கப்பூர் செந்தோசாத் தீவிலுள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸை வைத்தே சொல்லப்பட்டுள்ளன. வரிசை, உயரம், வயிறு பற்றிச் சொல்பவை வேறு எந்தப் பூங்காவுக்கும் பொருந்தும்.

இதற்காகச் சிங்கப்பூர் வரை போகத்தான் வேண்டுமா? இங்கேயே ஒன்றும் இல்லையா?

கோட்டை, டைனோசர் காடு, எகிப்தியக் கல்லறை என்று பகுதி பகுதியாகக் கதையுலகம் கட்டியெழுப்பிய பூங்கா கொழும்பில் இல்லை. ஹன்வெல்லைப் பக்கம் உள்ள லெஷர் வேர்ல்டில் சவாரிகளும் நீர்ப்பூங்காவும் இருக்கின்றன. அதை ஓர் ஒத்திகையாகப் பாவியுங்கள் என்பதே எங்கள் ஆலோசனை. உயரத்திலிருந்து விழும் சவாரியில் பிள்ளை சிரிக்கிறதா, கண்ணை இறுக மூடிக்கொள்கிறதா, இறங்கியதும் வாந்தி எடுக்கிறதா என்பதை அங்கே ஒரு நாளில் அறிந்துகொள்ளலாம். சிங்கப்பூர் டொலரில் காசு கட்டி அறிவதைவிட அது மலிவு.

சிங்கப்பூரைச் சொல்வதற்கு முதற்காரணம் விசா. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அங்கே முன்கூட்டிய விசா தேவையில்லை. ஹொங்கொங், டோக்கியோ டிஸ்னிலாண்டுகளுக்குப் போவதென்றால் விசா எடுக்க வேண்டும். அடுத்த காரணம் அளவு. 2010 இல் திறக்கப்பட்ட செந்தோசாப் பூங்கா ஏறக்குறைய 20 ஹெக்டேயர்தான். நடுவே ஒரு செயற்கைக் குளம், அதைச் சுற்றிப் பகுதிகள். ஒரு நாளில் நடந்து முடிக்கலாம், பிள்ளைகளோடுகூட.

விசா இல்லையென்றால் வேறு என்ன செய்ய வேண்டும்?

சிங்கப்பூர் வருகை அட்டையை ஒன்லைனில் நிரப்ப வேண்டும். இறங்கும் நாள் உட்பட 3 நாட்களுக்குள் நிரப்பலாம், அதற்கு முன் முடியாது. கைக்குழந்தை உட்பட ஒவ்வொருவருக்கும் ஒன்று. இது முற்றிலும் இலவசம். தேடுபொறியில் முதலில் வரும் சில தளங்கள் இதற்குக் காசு கேட்கும், அவற்றை நம்பாதீர்கள். சிங்கப்பூர்க் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் மட்டும் நிரப்புங்கள். கடவுச்சீட்டு இன்னும் 6 மாதத்துக்காவது செல்லுபடியாக வேண்டும். திரும்பும் விமானச்சீட்டு, தங்குமிட உறுதிப்படுத்தல் இரண்டையும் அச்சடித்துக் கையில் வைத்திருங்கள். குடிவரவு மேசையில் கேட்டால், சார்ஜ் இறங்கிய போனில் தேடிக்கொண்டு நிற்க முடியாது.

எந்த மாதம் போனால் கூட்டம் குறைவு?

நம் பாடசாலை விடுமுறையும் அவர்களுடையதும் ஒன்றாக வருகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் மார்ச் நடுவில் ஒரு வாரம், ஜூனில் ஏறக்குறைய முழு மாதம், செப்டெம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து ஆண்டு முடிவுவரை நீண்ட விடுமுறை. ஆகவே நம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வரும் ஏப்ரல் நடுப்பகுதியில் அங்கே பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். கொழும்புக் குடும்பத்துக்கு இது உண்மையான அதிர்ஷ்டம். பெரிய வெள்ளியும் அதையொட்டிய வார இறுதியும் அந்த நாட்களில் விழுகின்றனவா என்பதை மட்டும் நாட்காட்டியில் பாருங்கள். ஆகஸ்டும் நல்லது, 9 ஆம் திகதி தேசிய தினத்தை ஒட்டிய நாட்கள் தவிர.

டிசம்பர்தான் சிக்கல். இரு நாட்டுப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, நத்தார்க் கூட்டம், போதாதற்கு வடகிழக்குப் பருவமழை. வேறு வழியில்லையென்றால் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களில் போய்விட்டு வாருங்கள். சீனப் புத்தாண்டு, மே முதலாம் திகதி, ஒக்டோபர் முதல் வாரம் ஆகியவற்றில் சீனாவிலிருந்து வருவோர் அதிகம்.

எந்த மாதமானாலும் செவ்வாய், புதன், வியாழன். சனி, ஞாயிறு வேண்டாம். செப்டெம்பர் இறுதியிலிருந்து நவம்பர் தொடக்கம்வரை ஹலோவீன் பேய் இரவுகள் நடக்கும் நாட்களில் பகல் நேரப் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிடுவார்கள். இரவு நிகழ்ச்சிக்கு வேறு டிக்கெட். திகதி தெரிவுசெய்யுமுன் பூங்காவின் நேர அட்டவணையைப் பாருங்கள்.

விமானத்தால் இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகலாமா?

வேண்டாம். கட்டுநாயக்கவிலிருந்து ஏறக்குறைய 4 மணித்தியாலப் பறப்பு. நள்ளிரவை ஒட்டிய விமானம் என்றால் அங்கே விடிந்தபின் இறங்குவீர்கள். கணக்குக்கு ஒரு நாள் மிச்சம் போலத் தோன்றும். ஆனால் பிள்ளைகள் மூன்று மணித்தியாலம்கூட ஒழுங்காகத் தூங்கியிருக்க மாட்டார்கள், ஹோட்டல் அறையும் பிற்பகல்வரை கிடைக்காது. மதியம் 2 மணிக்குப் பிள்ளை அழத் தொடங்கினால் அன்றைய டிக்கெட் முழுவதும் வீண்.

அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணித்தியாலம் முன்னால். காலை 7.30 க்கு எழும்பினால் உடம்புக்கு அது விடிகாலை 5 மணி. அதனால் முதல் நாள் லிட்டில் இந்தியாப் பகுதியின் சிராங்கூன் வீதியில் மெல்ல நடந்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, இரவு அங்குள்ள 9 மணிக்குப் பிள்ளைகளைப் படுக்க வையுங்கள். பூங்கா இரண்டாம் அல்லது மூன்றாம் நாள். கடைசி நாளிலும் வைக்காதீர்கள். மழையோ காய்ச்சலோ வந்தால் மாற்ற நாள் இருக்காது.

டிக்கெட்டை எங்கே, எப்போது எடுப்பது?

கொழும்பிலிருந்து புறப்படுமுன், பூங்காவின் சொந்தத் தளத்தில் அல்லது பெயர் பெற்ற விற்பனைத் தளமொன்றில். அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம் என்று விடுவோர் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். வங்கி அனுப்பும் ஒருமுறைக் குறியீடு (ஓ.டி.பி) உங்கள் இலங்கை சிம்முக்கு வரும். ரோமிங் இல்லையென்றால் அது வராது, காசு கட்ட முடியாது. சில வங்கிகளின் டெபிட் அட்டைகள் வெளிநாட்டு ஒன்லைன் கட்டணத்துக்கு மூடியே இருக்கும். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னதாக அழைத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

டிக்கெட் திகதி குறித்தது. மலிவாகத் தெரியும் சீட்டு வேறு நாளுக்கானதா, ஒருநாள் முழுவதற்கானதா என்று வாசித்துப் பாருங்கள். 4 வயதுக்குக் கீழ் இலவசம், 4 முதல் 12 வரை பிள்ளைக் கட்டணம், 13 ஆனால் வளர்ந்தோர் கட்டணம். வாங்கியதும் கியூ.ஆர் குறியீட்டை ஸ்கிரீன்ஷொட்டாகச் சேமித்து, இரண்டு போன்களில் வைத்திருங்கள். ஒரு போனில் மட்டும் இருந்தால் அன்றைக்குத்தான் அது கீழே விழும்.

பிள்ளையின் உயரத்தைப் பற்றி ஏன் இவ்வளவு கதைக்கிறீர்கள்?

பூங்காவில் அழுகை தொடங்கும் இடம் அந்த அளவுகோல்தான். சவாரிக் கதிரையின் பிடிப்புச்சட்டம் குறிப்பிட்ட உடல் அளவுக்குமேல்தான் இடுப்பையும் தோளையும் சரியாக அழுத்திப் பிடிக்கும். அதற்குக் குறைந்த பிள்ளை வழுக்கி வெளியே வரலாம். ஆகவே 1 செ.மீ. குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள். கெஞ்சிப் பயனில்லை, அந்த ஊழியர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறார்.

செந்தோசாவில் குறைந்தபட்ச உயரங்கள் இவை. கெனொப்பி ஃபிளையர், என்சான்டட் ஏர்வேஸ் இரண்டுக்கும் 92 செ.மீ. புஸ் இன் பூட்ஸ் சவாரிக்கு 100. டிரான்ஸ்ஃபோர்மர்ஸுக்கு 102. காட்டாற்றுப் படகுச் சவாரிக்கு 107. மம்மி இருட்டு ரோலர் கோஸ்டருக்கு 122. பேட்டில்ஸ்டார் கலாக்டிகா இரட்டைக் கோஸ்டருக்கு 125. போதிய உயரம் இருந்தாலும் 122 க்குக் குறைந்த பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கூட ஏற வேண்டும் என்ற விதி பல சவாரிகளில் உண்டு. புறப்படுமுன் தளத்தில் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள்.

வீட்டில் அளப்பது இப்படி: சப்பாத்தைக் கழற்றி, குதிகால், பின்பக்கம், தோள் மூன்றும் சுவரில் படும்படி பிள்ளையை நிறுத்துங்கள். பார்வை நேராக இருக்கட்டும். தடித்த அட்டைப் புத்தகமொன்றை உச்சந்தலையில் வைத்து, அதன் முதுகைச் சுவரோடு ஒட்டி, அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் கோடு கீறுங்கள். இதை மாலையில் செய்யுங்கள். காலையில் எழும்பும்போது முதுகெலும்பின் இடைத்தட்டுகள் விரிந்திருப்பதால் உயரம் சற்றுக் கூடியிருக்கும், பொழுது ஏற ஏறக் குறையும். மாலையிலும் 122 தாண்டினால் கவலையில்லை. 121.5 இல் நிற்கும் பிள்ளைக்கு அந்தச் சவாரியைப் பற்றி வீட்டில் கதைக்காமல் இருப்பதே நல்லது.

ஒரு நாளில் எத்தனை சவாரி போகலாம்?

கணக்குப் பார்க்கலாம். காலை 10 முதல் மாலை 7 வரை திறந்திருந்தால் 540 நிமிடம். சாப்பாட்டுக்கு 45, முன்கூட்டிப் போய்க் குந்துவது உட்பட இரண்டு காட்சிகளுக்கு 100, கழிப்பறைக்கு 40, நடைக்கும் படம் எடுப்பதற்கும் 60. மிச்சம் 295. ஒவ்வொரு சவாரிக்கும் 40 நிமிட வரிசையும் 10 நிமிட ஏற்ற இறக்கமும் என்றால் ஆறு சவாரிகூட முழுதாக வராது. வரிசையை 20 ஆகக் குறைத்தால் ஒன்பது, பத்து. ஆகவே நாளின் பெறுமதி வரிசையில்தான் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையை வாயிலிலேயே விட்டுவிட்டு, ஒவ்வொருவரும் கட்டாயம் வேண்டிய இரண்டைச் சொல்லட்டும். நான்கு பேருக்கு எட்டு. அதில் பாதி ஒன்றாகவே இருக்கும்.

வரிசையைக் குறைப்பது எப்படி?

முதல் ஒன்றரை மணித்தியாலம் தங்கம். வாயில் திறப்பதற்கு 40 நிமிடம் முன் அங்கே நில்லுங்கள். பைச் சோதனைக்கே கொஞ்ச நேரம் போகும். உள்ளே போனதும் முன்வாயிற் கடைகளிலும் படம் எடுக்கும் இடங்களிலும் பெரும்பாலானோர் நின்றுவிடுவார்கள். நீங்கள் நிற்க வேண்டாம், அவை மாலையிலும் அங்கேயே இருக்கும்.

உயரம் போதிய பெரிய பிள்ளைகள் என்றால் வலப்பக்கம் திரும்பி, நியூயோர்க் தெருவைத் தாண்டி, அறிவியற் கற்பனைப் பகுதிக்கு நேரே போங்கள். டிரான்ஸ்ஃபோர்மர்ஸ், இரட்டைக் கோஸ்டர், அடுத்து எகிப்துப் பகுதியின் மம்மி. இந்த மூன்றையும் கூட்டம் பரவுமுன் முடித்தால் மிச்ச நாளை நிம்மதியாகக் கழிக்கலாம். சின்னப் பிள்ளைகள் என்றால் இடப்பக்கம். 2025 பெப்ரவரியில் திறந்த மினியன் லேண்ட் அங்கேதான் இருக்கிறது. புதியது என்பதால் 11 மணிக்குப் பிறகு நெரியும். அதற்கு அப்பால் கோட்டை நிற்கும் ஃபார் ஃபார் அவே பகுதி.

சில வரிசைகள் நீளம் குறைந்தும் மெல்ல நகரும். எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதோடு ஒரு தடவையில் எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். கெனொப்பி ஃபிளையரின் ஒரு வண்டியில் நான்கு பேர்தான். வெளியே முப்பது பேர் நின்றாலும் அது எட்டு வண்டி. இத்தகைய சவாரிகளைக் காலையில் போங்கள், அல்லது விட்டுவிடுங்கள். பெரிய திரையரங்குக் காட்சிகள் ஒரே தடவையில் நூற்றுக்கணக்கானோரை விழுங்கும். அவற்றை மதிய நெரிசலுக்கு வையுங்கள்.

சில சவாரிகளில் தனியாள் வரிசை உண்டு. வண்டியில் மிஞ்சும் ஒற்றைக் கதிரையை அதிலிருந்து நிரப்புவார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு இது பெரிய இலாபம். பக்கத்தில் யார் குந்துவது என்பதில் விடாப்பிடியாக இருப்பவர்களுக்கு ஒத்துவராது.

கடைசி ஒரு மணித்தியாலத்திலும் வரிசைகள் சுருங்கும். அந்நேரம் எல்லோரும் கடைகளில் நிற்பார்கள்.

எக்ஸ்பிரஸ் சீட்டு வாங்க வேண்டுமா?

பொது வரிசையில் நிற்காமல் குறுகிய தனி வரிசையால் போக விடும் சீட்டு அது. போகும் நாளைப் பொறுத்து அதன் விலை மாறும். கூட்ட நாளில் நுழைவுச்சீட்டின் விலையையும் தாண்டக்கூடும். ஒவ்வொரு சவாரிக்கும் ஒரு தடவை என்று ஒரு வகை, எத்தனை தடவையும் என்று இன்னொரு வகை. ஏப்ரல் செவ்வாய்க்கிழமைக்கு அது தேவையில்லை, நேரத்துக்குப் போனால் போதும். டிசம்பர் சனிக்கிழமை, ஒரே நாள், உயரம் போதிய பிள்ளைகள் என்றால் வாங்குங்கள். உயரம் 100 ஐத் தாண்டாத பிள்ளைக்கு வாங்குவது வீண். அந்தப் பிள்ளை ஏறக்கூடிய பலவற்றில் மிச்சமாகும் நேரம் குறைவு.

கைக்குழந்தையோ உயரம் போதாத பிள்ளையோ இருந்தால் அப்பாவும் அம்மாவும் ஏற முடியாதா?

முடியும். வரிசையின் தொடக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் பிள்ளையைக் காட்டி, மாறி மாறி ஏற வேண்டும் என்று சொல்லுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை மற்றவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். வரிசையில் சேருமுன் கேட்பது முக்கியம். நடுவில் கேட்டால் குழப்பம்.

மழை வந்தால்?

மழையை விட மின்னல்தான் பிரச்சினை. கிட்டே மின்னல் என்று எச்சரிக்கை வந்ததும் திறந்தவெளிச் சவாரிகள் எல்லாம் நிற்கும். இரும்புத் தண்டவாளத்தில் உயரத்தில் ஆளை வைத்திருக்க முடியாது அல்லவா? ஏப்ரலில் அங்கே பிற்பகல் இடிமழை வழமை, கூட்டம் குறைந்த மாதத்துக்கு இது விலை. ஆகவே கோஸ்டர்களைக் காலையில் முடித்து, பிற்பகலுக்குக் கூரைக்குக் கீழ் நடப்பவற்றை மிச்சம் வையுங்கள். நியூயோர்க் பகுதிக் காட்சியரங்கு, டிரான்ஸ்ஃபோர்மர்ஸ், மம்மி எல்லாம் உள்ளகத்தில்தான் நடக்கின்றன. மழை தொடங்கியதும் எல்லோரும் அவற்றுக்கே ஓடுவார்கள். வானம் கறுக்கும்போதே நகருங்கள். மழை நின்ற பத்து நிமிடத்தில் வெளிச்சவாரிகள் வெறிச்சோடிக் கிடக்கும். சோதனை ஓட்டம் முடித்துத் திறக்கும் அந்த நேரம் தொப்பி நனைந்தவர்களுக்குப் பரிசு.

குடை வேண்டாம், பைக்குள் மடிக்கும் மழையங்கி போதும். அதுவே படகுச் சவாரிக்கும் உதவும்.

படகுச் சவாரியில் எவ்வளவு நனைவோம்?

சில வேளை முழங்கால் வரை, சில வேளை உள்ளாடை வரை. வட்டப் படகு சுழல்வதால் யார் பக்கம் தண்ணீர் விழும் என்று சொல்ல முடியாது. போனைப் பூட்டுப்பையில் போட்டு வெளியே நிற்பவரிடம் கொடுங்கள். நனைந்த ஜீன்ஸோடு நடந்தால் தொடை உரசிப் புண்ணாகும், நனைந்த காலுறையால் குதிகால் கொப்புளிக்கும். மாற்றுக் காலுறை ஒரு சோடி, மெல்லிய துவாய் ஒன்று போதும். நல்ல வெயிலான 12 மணியளவில் ஏறினால் சாப்பிட்டு முடியுமுன் காய்ந்துவிடும். மாலையில் நனைந்தால் குளிரூட்டிய ரயிலில் நடுங்கிக்கொண்டு வர வேண்டும்.

என்ன உடுப்பு? சேலை, சல்வார் பரவாயில்லையா?

அம்மம்மா சேலையோடு வருவதில் ஒரு தடையும் இல்லை, காட்சிகளும் மெல்லிய சவாரிகளும் அவருக்குப் போதும். கோஸ்டர்களில் ஏறுபவர்கள் சால்வை, முந்தானை, நீளச் சங்கிலி இல்லாமல் வரவேண்டும். குதிகாற் பட்டி இல்லாத செருப்பைச் சில சவாரிகளில் கழற்றச் சொல்வார்கள். இரட்டைக் கோஸ்டருக்குப் பையோடு சட்டைப்பைச் சாமான்களையும் லொக்கரில் வைக்க வேண்டும், சாவி, சில்லறை, போன் எல்லாமே. சில லொக்கர்களில் முதற் கொஞ்ச நேரம் இலவசம், பிறகு கட்டணம் ஏறும். ஏறி இறங்கியதும் சாமானை எடுத்துவிடுங்கள். மறந்துபோய் மதியம் திரும்பி வருவோர் நிறையப் பேர்.

சப்பாத்து புதிதாக இருக்கக் கூடாது. வெயில் கொழும்பு வெயில்தான், ஆனால் கொழும்பில் நாம் நாள் முழுக்க வெயிலில் நடப்பதில்லை.

தலைச்சுற்று, வாந்தி?

கண் ஒன்றைச் சொல்ல, காதின் உட்சமநிலை உறுப்பு வேறொன்றைச் சொல்லும்போது மூளை குழம்புகிறது. அதனால் தலைகீழாகச் சுற்றும் கோஸ்டரைவிட, திரையைப் பார்த்தபடி கதிரை ஆடும் முப்பரிமாணச் சவாரியில்தான் பலருக்கு வயிறு புரளும். கோஸ்டரில் முன்வரிசை நல்லது. வரும் திருப்பத்தைக் கண் முன்கூட்டியே காணும். திரைச் சவாரியில் குமட்டினால் கண்ணாடியைக் கழற்றாதீர்கள், படம் இரண்டாகத் தெரிந்து மோசமாகும். கண்ணை மூடி, தலையைக் கதிரையில் சாய்த்து, நீள மூச்சு விடுங்கள். மம்மிச் சவாரி இருட்டில் பின்னோக்கியும் ஓடும் என்பதை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

வெறும் வயிறும் நிறைந்த வயிறும் இரண்டுமே கூடாது. இட்லி, தோசை போன்ற ஆவியில் அவித்ததோ எண்ணெய் குறைந்ததோ நல்லது, ஏறுவதற்கு ஒரு மணித்தியாலம் முன். பயணவாந்திக் குளிசை எடுப்பவர்கள் ஏறியபின் எடுத்துப் பயனில்லை. அரை முதல் ஒரு மணித்தியாலம் முன்னதாக எடுக்க வேண்டும், தூக்கமும் வரும். பிள்ளைகளுக்கான அளவைக் கொழும்பிலேயே வைத்தியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனி உப்புக்கரைசல் பக்கெட் நான்கைந்து பைக்குள் போடுங்கள். பக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் முழுவதையும் கரைக்க வேண்டும். சின்னப் போத்தலில் முழுப் பக்கெட்டையும் கொட்டினால் உப்புக் கூடி, தாகம் தீராமல் வயிறும் கலங்கும்.

கர்ப்பிணிகள், இதய நோய், அண்மைச் சத்திரசிகிச்சை, கழுத்து முதுகு வலி உள்ளவர்கள் கோஸ்டர்களுக்கு வேண்டாம்.

சாப்பாடு? சைவம், ஹலால் கிடைக்குமா?

உள்ளே வெளிச்சாப்பாடு கொண்டுபோக விடமாட்டார்கள். கைக்குழந்தைச் சாப்பாடு, மருத்துவக் காரணம் உள்ளவை வேறு. வெற்றுத் தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோய் உள்ளே நிரப்பலாம், சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தக்கது.

உள்ளே ஹலால் சான்றிதழ் பெற்ற உணவகங்கள் உண்டு, கதவில் சான்றிதழைப் பாருங்கள். சைவம் என்றால் சற்றுக் கவனம். காய்கறிச் சோற்றிலும் மீன் சோஸ், இறால் பேஸ்ட் சேரலாம். வெறுமனே சைவம் என்று சொல்லாமல் முட்டை, மீன், இறால் வேண்டாம் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை விரதம் உள்ளவர்கள் வேறு நாளைத் தெரிவுசெய்வது எல்லோருக்கும் வசதி.

எங்கள் வழி எளிது. காலையில் லிட்டில் இந்தியாவில் வயிறாரச் சாப்பிடுங்கள். 1947 இலிருந்து இருக்கும் கோமள விலாஸ் சிராங்கூன் வீதியில்தான் இருக்கிறது. பூங்காவுக்குள் ஒரு வேளை மட்டும், அதுவும் 11.15 க்கு அல்லது 2.30 க்கு. 12.30 க்குப் போனால் சாப்பாட்டு வரிசை சவாரி வரிசையை மிஞ்சும். வெளியே போய்ச் சாப்பிட்டு வர விரும்பினால், வாயிலில் மறுநுழைவு பற்றிச் சொல்லிவிட்டு வெளியேறுங்கள். சும்மா நடந்து போகாதீர்கள்.

லிட்டில் இந்தியாவிலிருந்து எப்படிப் போவது?

வடகிழக்கு வழித்தட ரயிலில் லிட்டில் இந்தியா அல்லது ஃபாரர் பார்க் நிலையத்தில் ஏறி, கடைசி நிலையமான ஹார்பர்ஃபிரன்டில் இறங்குங்கள். மாறத் தேவையில்லை. மேலே விவோசிட்டி அங்காடி. மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ஏறலாம், ஆளுக்கு 4 சிங்கப்பூர் டொலர், திரும்பி வர இலவசம். முதல் நிறுத்தமான ரிசோர்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். நடக்க விரும்பினால் விவோசிட்டிக்குப் பக்கத்திலிருந்து கூரையிட்ட நடைபாதை போகிறது. கதவிலிருந்து வாயில்வரை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். ஆகவே 10 மணிக்குத் திறந்தால் 8.20 க்குப் புறப்பாடு.

ரயில் வாயிலில் இலங்கை வங்கியின் தொடுகையில்லா விசா, மாஸ்டர் அட்டையையே தட்டலாம். ஒருவருக்கு ஓர் அட்டை, ஒரே அட்டையை இருவருக்குத் தட்ட முடியாது.

காசு?

இலங்கை ரூபாயை அங்கே மாற்ற நினைத்துக் கொண்டுபோகாதீர்கள். அமெரிக்க டொலரோ சிங்கப்பூர் டொலரோ கொண்டுபோனால் லிட்டில் இந்தியாவின் முஸ்தபா அங்காடியிலும் சிராங்கூன் வீதியிலும் மாற்றலாம். அட்டை தேய்க்கும்போது இயந்திரம் ரூபாயிலா சிங்கப்பூர் டொலரிலா என்று கேட்டால் சிங்கப்பூர் டொலரைத் தெரிவுசெய்யுங்கள். ரூபாயைத் தெரிவுசெய்தால் அந்த இயந்திரத்துக்காரர் வைக்கும் மாற்றுவீதம்தான் விழும், அது ஒருபோதும் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

நினைவுப் பொருட்களைக் கடைசியில் வாங்குங்கள். பிள்ளைக்குக் கையில் ஒரு தொகையைக் காலையிலேயே கொடுத்து, இதற்குள் எதுவும் எடுக்கலாம் என்று சொன்னால் ஒவ்வொரு கடை வாசலிலும் வழக்காட வேண்டியதில்லை. ஒவ்வொரு சவாரியின் வெளிவாசலும் ஒரு கடைக்குள்ளே போய்த்தான் முடியும், அது தற்செயலல்ல.

அப்பப்பா, அம்மம்மா வந்தால் அவர்களுக்கு என்ன இருக்கிறது?

வாயிலுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டு. நடக்கக்கூடியவர் என்றாலும் எடுங்கள், பிற்பகலில் தேவைப்படும். தண்ணீர்ச் சாகசக் காட்சிக்கு 20 நிமிடம் முன் போய் மேல்வரிசையில் குந்த வையுங்கள். கீழ்வரிசைக் கதிரைகள் நனையும் இடம் என்று குறித்திருக்கும், அது விளையாட்டுக்குச் சொன்னதல்ல. எல்லோரும் எப்போதும் ஒன்றாக நிற்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். பெரியவர்களைக் குளிரூட்டிய உணவகமொன்றில் ஒரு மணித்தியாலம் இருத்திவிட்டு மற்றவர்கள் ஏறி வரலாம்.

பிள்ளை கூட்டத்தில் தவறினால்?

காலையில் வாயிலில் பிள்ளையை முழு உடுப்போடு ஒரு படம் எடுங்கள், ஊழியரிடம் அதைக் காட்டினால் போதும். அங்கே வேலை செய்யும் போன் இலக்கத்தை முன்கையில் பேனாவால் எழுதுங்கள், நாட்டுக் குறியீட்டோடு. தொலைந்தால் ஓட வேண்டாம், பெயர் அட்டை குத்திய ஊழியரிடம் போ என்று சொல்லிக் கொடுங்கள். உள்ளே போனதும் அப்படி ஒருவரைக் காட்டி வையுங்கள். பெரிய பிள்ளைகளோடு பிரிந்து போவதென்றால் சந்திக்கும் இடம் கோட்டை வாசல். எங்கிருந்தும் தெரியும்.

வேறு சின்னச் சின்ன விஷயங்கள்?

பவர் பாங்கை விமானத்தில் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் அல்ல. அங்கே சதுர மூன்று முள் செருகி. நம் பழைய வட்ட முள் சார்ஜர் ஏறாது. கழிப்பறைகளில் தண்ணீர்க் குழாய் பெரும்பாலும் இருக்காது, வெறும் போத்தல் ஒன்று பையில் இருக்கட்டும். சுவிங்கம், வேப் இரண்டும் வேண்டாம். வேப் வைத்திருப்பதே குற்றம். சிகரெட்டுக்கு வரிவிலக்கு இல்லை, ஒரு பெட்டி என்றாலும் அறிவிக்க வேண்டும்.

மாலை 7 மணிக்கு எல்லோரும் ஒன்றாக வெளியேறும்போது செந்தோசா எக்ஸ்பிரஸ் மேடை நிரம்பி வழியும். பிள்ளை தூங்கிவிட்டால் நடைபாதையால் தள்ளுவண்டியில் விவோசிட்டிக்கு வாருங்கள். அங்கே மூன்றாம் மாடி உணவுக்கூடத்தில் சாப்பிட்டு, 8.30 க்குப் பிறகு ரயில் ஏறினால் இருக்கை கிடைக்கும்.